கல்மரமும் செம்மண் மேடும்: கடலூர், புதுச்சேரி வட்டாரப் புவிச்சுற்றுலா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பும் கல்லூரி மாணவர்கள், கிணறு வெட்டும்போது விநோதமான கல் ஒன்றைக் கண்டு திகைத்த விவசாயிகள் என்று பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஒரு பதில் வேறொரு பதிலோடு சேரும் இடத்தில் அதன் எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. ஜியோ டூரிசம்னா என்னங்க? மலை, அருவி பார்க்கப் போறதுதானே?

போகும் இடம் ஒன்றாகவே இருக்கலாம், கேட்கும் கேள்விதான் வேறு. ஊட்டிக்குப் போகிறவருக்குக் குளிரும் காட்சியும் போதும். புவிச்சுற்றுலாவில் நிலமே காட்சிப்பொருள். இந்தப் பாறை ஏன் இங்கே இருக்கிறது, எப்போது உருவானது, இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கும் கோயில் கல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டுக்கொண்டு பார்ப்பது.

1995இல் தாமஸ் ஹோஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு வரையறை எழுதினார். பாறையையும் நில அமைப்பையும் பார்வையாளர் புரிந்துகொள்ள உதவும் ஏற்பாடுகள்தான் அவருக்கு முக்கியம். 2011இல் போர்ச்சுகலின் அரூக்கா நகரில் வெளியான பிரகடனம், அந்த நிலத்தில் வாழும் மக்களின் பண்பாட்டையும் நலனையும் இதில் சேர்த்தது. நம் வட்டாரத்துக்கு இரண்டாவதே பொருத்தம். இங்கே கோயிலையும் முந்திரித் தோப்பையும் விட்டுவிட்டுப் பாறையைப் பற்றி மட்டும் பேச முடியாது.

2. கடலூரும் பாண்டியும் தட்டையான ஊர். இங்க பார்க்க அப்படி என்ன இருக்கு?

செஞ்சியிலிருந்து கிழக்கே கடலை நோக்கி வாருங்கள், ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். செஞ்சிக் குன்றுகளின் கடினப்பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. வழுதாவூர் பக்கம் வந்தால் காலடியில் இருப்பது சுமார் 7 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்த மண். திருவக்கரை, ஆரோவில், கேப்பர் மலை ஆகிய இடங்களில் தெரிவது ஆறுகள் கொண்டுவந்து போட்ட, சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மணற்கல். கடற்கரை மணல் இன்றும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக நிலத்தின் வயது குறைந்துகொண்டே வருகிறது. ஒரே நாளில் காரில் போய் இதைப் பார்க்கக்கூடிய இடங்கள் நிறைய இல்லை.

உயரமான மலை இல்லாததால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. சாலை வெட்டு, ஓடைக்கரை, கிணற்று மண் குவியல், குவாரிச் சுவர் இவைதான் இங்கே பார்க்குமிடங்கள்.

3. கடலூர் மணற்கல்னு புத்தகத்துல இருக்கே, அது நம்ம ஊர் பேரா?

ஆம். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டின் காலத்திலிருந்து இந்தப் பாறையடுக்குக்குக் கடலூர் பெயர்தான். புதுச்சேரிக்கு வடக்கே உள்ள செம்மண் மேடு, கடலூரின் கேப்பர் மலை, திருவந்திபுரத்து ஔஷதகிரி, பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பகுதிகள் எல்லாம் இதில் அடக்கம். தெற்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை வரையிலும் இதே வகை அடுக்குகள் உண்டு.

கையில் எடுத்தால் பல இடங்களில் உதிரும். பரல்மணல், களிமண், கூழாங்கல் எல்லாம் மாறிமாறி இருக்கும். மேலே இரும்புச் சத்து துருப்பிடித்துச் சிவந்து, சில இடங்களில் செம்பூரான் கல்லாக இறுகியிருக்கும். கூழாங்கல் வரிசை சாய்வாக அடுக்கியிருக்கும் வெட்டுச்சுவரைப் பார்த்தால் அது பழைய ஆற்றுப்படுகை என்று புரியும். நீரோட்டம் எந்தப் பக்கம் போயிற்றோ அந்தப் பக்கமே மணற்கல்லின் சாய்வு அடுக்குகள் சரிந்திருக்கும், தட்டையான கூழாங்கற்கள் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

இந்த ஒரு பாறையைப் புரிந்துகொண்டால் வட்டாரத்தில் பாதி விஷயம் விளங்கிவிடும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் செழிப்பதற்கு, நீர் தேங்காத ஆழமான இந்தச் செம்மண் ஒரு காரணம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை மூடியிருப்பதும் இதே அடுக்குதான். கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பகுதி இதிலுள்ள நீரைத்தான் இறைக்கின்றன. கல்மரங்கள் கிடப்பதும் இதற்குள்ளேயே. மரபுச்சின்னம் என்றால் வேலி போட்ட பூங்கா மட்டும் என்று நினைக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான். வேலிக்கு வெளியே லாரியில் போகும் கிராவலும் அதே பாறை.

4. மரம் எப்படிங்க கல்லாகும்?

சாதாரணமாக விழுந்த மரம் கறையானுக்கும் பூஞ்சைக்கும் இரையாகும். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மணலும் வண்டலும் சட்டென்று மேலே மூடிவிட்டால் காற்று படாது, அழுகலும் மிகமிக மெதுவாகிவிடும். அந்த மண்ணுக்குள் ஊறும் நீரில் சிலிக்கா கரைந்திருக்கிறது. அது மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிந்து, செல் சுவர் சிதையச் சிதைய அந்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. அச்சில் வார்த்த வெல்லம் போல, மரத்தின் வடிவம் அப்படியே நின்று பொருள் மட்டும் மாறிவிடுகிறது.

சிலிக்கா மட்டும் என்றால் வெளுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். இரும்பு சேர்ந்தால் மஞ்சள், பழுப்பு, சிவப்பு. கரி மிச்சமிருந்தால் கறுப்பு. மோஸ் கடினத்தன்மை அளவில் இந்தச் சிலிக்கா 7க்கு நெருங்கும், சாதாரணக் கத்தி சுமார் 5.5. அதனால் கத்தியால் கீற முடியாது. இதைப் பூங்காவில் சோதித்துப் பார்க்க வேண்டாம். கத்தி கீறாவிட்டாலும் விளிம்பு பெயரும்.

5. வக்கராசுரனோட எலும்புதான் கல்லா கிடக்குதுன்னு எங்க ஆயா சொல்லுவாங்க. அது பொய்யா?

திருவக்கரையின் தலபுராணம் வக்கராசுர வதத்தையும் வக்கரகாளியம்மனையும் சுற்றியது. நீளநீளமாக, உருண்டையாக, எலும்பு நிறத்தில் கிடக்கும் கல்லை அந்தக் கதையோடு சேர்த்தவர்கள் கூர்ந்து பார்த்தவர்கள்தான். இது சாதாரணக் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஒன்று என்பதை அவர்கள் பிடித்துவிட்டார்கள். என்ன உயிர் என்பதில்தான் அறிவியல் வேறு விடை சொல்கிறது. லென்ஸ் வைத்தால் மரநார் தெரியும், எலும்பின் நுண்துளை அமைப்பு தெரியாது.

வழிகாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. கதையையும் சொல்லுங்கள், கல்லையும் காட்டுங்கள். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கேலி செய்தால் ஊர்க்காரர்கள் விலகிப் போவார்கள். காவல் காக்கப்போவது அவர்கள்தான்.

6. ரம்பம் வச்சு அறுத்த மாதிரி துண்டு துண்டா இருக்கே, யாராவது வெட்டினாங்களா?

இல்லை. மரமாக இருந்தபோது வளைந்துகொடுத்தது, கல்லானதும் வளையாது. புதைந்திருந்த மண் சீரில்லாமல் அமிழ்ந்தாலோ அசைந்தாலோ, நீண்ட கல் உருளை குறுக்குவாட்டில் நேராக முறியும். அதனால் அறுத்த வட்டுகள் போல இருக்கிறது. வெயிலின் விரிவும் இரவின் சுருக்கமும் மழைநீரும் அந்த விரிசல்களை இன்னும் அகலமாக்கும்.

மனிதர் உடைத்ததையும் அடையாளம் காணலாம். பழைய முறிவின் முகம் மழுங்கி, பாசியோ மண்கறையோ ஏறியிருக்கும். புது உடைவு பளபளப்பாக, விளிம்பு கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருக்கும்.

7. அப்போ அந்தக் காடு இங்கயே இருந்ததா?

அநேகமாக இல்லை. கிளை இல்லை, இலை இல்லை, பட்டையும் இல்லை. வேரூன்றி நிற்கும் அடிமரங்களைக் காணோம், எல்லாம் படுத்தே கிடக்கின்றன. மேற்கே மேட்டு நிலத்தில் வளர்ந்தவை வெள்ளத்தில் உருண்டு, கிளையும் பட்டையும் உரிந்து, இங்கே வந்து புதைந்தன என்பதே ஆய்வாளர் கருத்து. எனவே ‘கல்லாகிப்போன காடு’ என்று பலகை எழுதுவது சரியில்லை. ‘கல்லாகிப்போன வெள்ளக்கட்டை’ என்பது பொருத்தம். சுற்றுலா விளம்பரத்துக்கு அது எடுபடாது என்பது வேறு விஷயம்.

வகைகளில் ஊசியிலை மரமும் உண்டு, அகன்ற இலை மரங்களும் உண்டு. 1931இல் தொல்தாவரவியலாளர் பீர்பால் சானி பெயர் சூட்டிய மெசெம்ப்ரியாக்சிலான் ஷ்மிடியானம் பொடோகார்ப் குடும்பத்தை ஒத்த ஊசியிலை மரம். அந்தக் குடும்பத்தில் இன்று தென்னிந்தியக் காட்டில் இயற்கையாக வளர்வது நிராம்பாலி ஒன்றுதான், அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையில். அகன்ற இலை மரங்களில் புளி, மருது, ஆமணக்கு குடும்பங்களைச் சேர்ந்தவை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. வெப்பமும் நல்ல மழையும் இருந்த காலம் என்று இதிலிருந்து ஊகிக்கிறார்கள்.

8. ரெண்டு கோடி வருஷம்னு எப்படிச் சொல்றாங்க? கார்பன் டேட்டிங்கா?

கார்பன் முறை இங்கே எடுபடாது. அது சுமார் 50,000 ஆண்டு வரைக்கும்தான் உதவும், அதற்கு மேல் அளக்கக்கூடிய அளவில் கதிரியக்கக் கார்பன் மிஞ்சாது. அதோடு இந்த மரத்தில் பெரும்பகுதி சிலிக்காவாக மாறிவிட்டது (4ஆம் பதில்).

வயது கட்டையிலிருந்து வரவில்லை, அது கிடக்கும் அடுக்கிலிருந்து வருகிறது. கீழே உள்ள அடுக்கு எது, மேலே எது, பக்கத்து அடுக்குகளில் என்ன உயிர்கள் என்று பார்த்துக் கணிக்கிறார்கள். கடலூர் மணற்கல் ஆற்றுப்படிவு. வயதைத் துல்லியமாகக் காட்டும் கடல் உயிரிகள் இதில் அரிது. அதனால் மியோசீன் முதல் ப்ளியோசீன் வரை (இரண்டும் புவியியல் காலப் பெயர்கள்) என்று அகலமாகவே நூல்கள் குறிக்கின்றன. ‘சுமார் 2 கோடி’ என்பதைச் சுமார் என்றே படியுங்கள்.

9. திருவக்கரைக்குப் போகணும். எங்க இருக்கு, என்ன எடுத்துட்டுப் போகணும்?

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். புதுச்சேரியிலிருந்து 25–30 கிலோமீட்டர், ஊருக்குக் கிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் பூங்கா. 1781இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா இந்தக் கல்மரங்களைக் குறித்தார். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1940இல் இதைப் பாதுகாப்பில் எடுத்தது. மொத்தப் பரப்பு 247 ஏக்கர், ஒன்பது பகுதிகளாகச் சிதறியிருக்கிறது. பொதுமக்கள் பார்ப்பது ஒரு சிறு பகுதியைத்தான். சுமார் 200 கல்மரங்கள், 3 முதல் 15 மீட்டர் நீளம், சில பாதி மண்ணுக்குள்.

எடுத்துச்செல்ல வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அளவு நாடா, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மூடிய செருப்பு. சுத்தியல் வேண்டாம், உளி வேண்டாம். காலை ஒன்பது மணி வாக்கில் அல்லது மாலை நான்கு மணிக்குமேல் வெயில் சாய்வாக விழும்போது மரநார் வரிகள் நன்றாகத் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் சப்பென்று இருக்கும். குறுக்கு முறிவில் லென்ஸை வைத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல் துளைகள் இருந்தால் அகன்ற இலை மரம், துளையே இல்லாமல் ஒரே சீராக இருந்தால் ஊசியிலை மரமாக இருக்கலாம். உறுதி செய்ய 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், அது ஆய்வகத்து வேலை.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் புல் முழங்கால் வரை வளர்ந்திருக்கும். கட்டைக்கடியில் பாம்பு இருக்கலாம், கை விடாதீர்கள். தை முதல் பங்குனி வரை வசதியான காலம். அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு ‘ஒண்ணுமில்லை’ என்று திரும்புகிறவர்கள் அதிகம். ஒரே ஒரு கட்டையைப் பதினைந்து நிமிடம் பார்ப்பது மேல்.

10. சின்னத் துண்டுதானே, ஒண்ணு எடுத்துக்கிட்டா என்ன ஆயிடும்?

பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது விதி. விதியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். கல்மரம் முளைக்காது, கிடப்பதெல்லாம் குறைய மட்டுமே முடியும். சிறு துண்டுகள்தான் முதலில் காணாமல் போகும். மரத்தின் நுனிப்பகுதியும் மெல்லிய வளையங்களும் அந்தத் துண்டுகளில்தான் இருக்கும்.

உட்காருவது, ஏறி நின்று படம் எடுப்பது, பெயர் கீறுவது, நிறம் எடுப்பாகத் தெரிய எண்ணெய் தடவுவது, குங்குமம் வைப்பது எல்லாம் சேதமே. எண்ணெய் துளைக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கூரை போட்டு மூடினால் என்ன என்றும் கேட்கிறார்கள். தேர்ந்தெடுத்த சில கட்டைகளுக்கு நல்லதுதான். ஆனால் கூரைத் தண்ணீர் கட்டையோரம் விழுந்தால் அடிமண்ணை அரித்து, 6ஆம் பதிலில் சொன்ன முறிவையே வரவழைக்கும். வடிகால் இல்லாத கூரைக்குக் கூரையில்லாமையே தேவலாம்.

11. பாண்டி ராக் பீச்சுல இருக்கற கருங்கல்லும் பழைய பாறைதானே?

கல் பழையது, இடம் பழையதில்லை. அவை அலைதடுப்புக்காக வேறிடத்தில் உடைத்துக் கொண்டுவந்து கொட்டியவை. அந்தக் கரையில் இயற்கையாக இருந்தது மணல். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்தக் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திசை திரும்பும். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கட்டிய துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரக் கரையும் மீனவக் குப்பங்களும் அரிக்கப்பட்டன. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை இறக்கியபின் மணல் ஓரளவு திரும்பியது.

புவிச்சுற்றுலாவில் இது அருமையான பாடம், யாரும் காட்டுவதில்லை. காந்தி சிலையருகே நின்றே சொல்லிவிடலாம். கையில் ஒரு காந்தம் இருந்தால் மணலில் தெரியும் கறுப்பு வரிகளில் வைத்துப் பாருங்கள், ஒட்டுவது மேக்னடைட். கார்னெட்டும் இல்மனைட்டும் அதனோடு கலந்திருக்கும். மேற்கே உள்ள கடினப்பாறை சிதைந்து ஆற்று வழியாக வந்தவை அவை.

12. செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தாச்சே, பாறைக்காகவா?

இல்லை. 2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுப்பில் ஒன்றாகச் செஞ்சி சேர்ந்தது, அது பண்பாட்டுப் பிரிவு. ஆனால் அந்தப் பாறை இல்லாமல் அந்தக் கோட்டை இல்லை.

குண்டு குண்டாகப் பாறைகளை யாரோ அடுக்கியது போலத் தெரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான்: பாறையில் நெடுக்கும் குறுக்குமாக விரிசல்கள், மண்ணுக்கடியில் இருந்தபோதே அவற்றில் நீர் இறங்கியது. மூலைகளில் மூன்று பக்கத்திலிருந்தும் சிதைவு வேலை செய்யும், அதனால் மூலைதான் முதலில் கரையும். சதுரக் கட்டிகள் உருண்டையாகின. பிறகு சுற்றியிருந்த சிதைந்த மண்ணை மழை கழுவிக்கொண்டு போக, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுவிட்டன. கோட்டைக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரி ஏறும்போது வெங்காயத் தோல் போல உரியும் பாறைப் பரப்பையும் கவனியுங்கள்.

13. வழுதாவூர் பக்கம் சங்கு, சுருள் கல்லு கிடைக்குதாமே? எடுக்கலாமா, வாங்கலாமா?

அந்தச் சுருள் கல் அம்மோனைட், கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரி. 1840களில் இங்கே சேகரிக்கப்பட்டவற்றை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். உலகப் புவியியலாளருக்கு அன்றிலிருந்து புதுச்சேரி தெரிந்த பெயர். டைனோசர்கள் அழிந்த காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் படிந்த கடல் அடுக்குகள் வழுதாவூர், கரசூர் சுற்றுவட்டாரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

பார்க்கத்தான் கஷ்டம். பெரும்பகுதி வயல், ஏரி, வீட்டுமனை. புதிதாக வெட்டிய கிணற்று மண்ணிலும் ஏரிக்கரை வெட்டிலும் மட்டும் தலைகாட்டும். விலைக்கு வாங்காதீர்கள். எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பது தெரியாத ஃபாசில் (புதைபடிவம்) அலமாரி அலங்காரம் மட்டுமே. கண்டால் பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுத்து, அலைபேசியில் இடக்குறியையும் ஆழத்தையும் குறித்துவிடுங்கள். சுண்ணாம்புக் கல்லா என்று பார்க்க, உடைந்த சாதாரணக் கல் துண்டில் ஒரு சொட்டு வினிகர் விடலாம், நுரைத்தால் சுண்ணாம்பு. ஃபாசில் மேல் விடவே கூடாது.

14. ஆரோவில் பக்கம் செம்மண் பள்ளத்தாக்கு இருக்கே, அது திருச்செந்தூர் தேரி மாதிரியா? போட்டோஷூட் போகலாமா?

தேரி இல்லை. தேரி காற்று குவித்த செம்மணல் மேடு. பொம்மையார்பாளையம், ஆரோவில் பக்கம் இருப்பது கடலூர் மணற்கல்லை மழைநீர் அறுத்த ஓடைகள். மேலே இறுகிய செம்மேடு, கீழே இளகிய மணலும் களியும். மேல்தோல் ஒரு இடத்தில் உடைந்துவிட்டால் நீர் கீழ்ப்பகுதியைக் குடைந்து, மேலே இருப்பது தானாகச் சரிந்து விழும். ஓடையின் தலை ஒவ்வொரு மழைக்கும் மேட்டுக்குள் பின்வாங்கிக்கொண்டே போகும்.

அதனால்தான் விளிம்பில் நிற்காதீர்கள் என்கிறோம். காலடியில் திடமாகத் தெரியும், அடியில் வெற்றிடமாக இருக்கும். விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள், மழை பெய்து இரண்டு நாள் வரை ஓடைக்குள் இறங்க வேண்டாம். பல இடங்கள் தனியார் அல்லது ஆரோவில் நிலம், கேட்டுவிட்டுப் போங்கள். பைக்கை உள்ளே ஓட்டினால் சக்கரத் தடம் அடுத்த மழைக்குப் புது ஓடையாகும்.

15. அந்த ஓடைகள் அழகுன்னா அப்படியே விடணுமா? மண் அரிப்புன்னா தடுப்பு கட்டி மூடணுமா? ரெண்டும் எப்படிச் சரியாகும்?

நியாயமான கேள்வி, எளிய விடை கிடையாது. அந்த ஓடைகளில் கணிசமானவை மரம் வெட்டியும் ஆடுமாடு மேய்ந்தும் மேல்தோல் போனதால் வேகம் பிடித்தவை. ஓடும் ஒவ்வொரு மழைநீரும் கிணற்றுக்குப் போக வேண்டியது (3ஆம் பதில்), மண்ணையும் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோகிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு ஏறத்தாழப் பொட்டல். வரப்பு கட்டி, ஓடைக்குள் சிறு தடுப்பணை போட்டு, மரம் நட்டு அதை மீட்டார்கள். அதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் கருத்து: எல்லாவற்றையும் மூட வேண்டாம், எல்லாவற்றையும் விடவும் வேண்டாம். அடுக்குகள் தெளிவாகத் தெரியும் ஒன்றிரண்டு வெட்டுமுகங்களைக் காட்சிக்கென்று ஒதுக்கி, அவற்றின் மேட்டுப்பக்கம் வரப்பு போட்டு நீரைத் திருப்பிவிட்டால் முகமும் நிற்கும், அரிப்பும் குறையும். மற்ற ஓடைகளில் தடுப்பணை தொடரட்டும். தடுப்பணை கட்டும்போது பள்ளத்தின் கீழ்முனையில் பெரியதாக ஒன்று கட்டுவதுதான் வழக்கமான பிழை. தலையிலிருந்து சிறிது சிறிதாகப் பல கட்டினால்தான் நிற்கும். கீழே கட்டிய ஒற்றைச் சுவரை வெள்ளம் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய்விடும்.

16. எங்க நிலத்துல கிராவல் எடுக்கும்போது கல்மரம் வந்துச்சு. சொன்னா நிலத்தைப் பிடுங்கிடுவாங்களா?

முதலில் செய்ய வேண்டியது: அந்த இடத்தில் பொக்லைனை நிறுத்துங்கள். கயிறு கட்டி இழுக்காதீர்கள், முறிந்துவிடும். தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம். நீளம், இரு முனைச் சுற்றளவு, படுத்திருக்கும் திசை, மேல்மண்ணிலிருந்து ஆழம் ஆகியவற்றைக் குறித்துப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து, மாவட்டக் கனிமவளத் துறைக்கும், சென்னை கிண்டியில் உள்ள புவியியல் ஆய்வு நிறுவன அலுவலகத்துக்கும் நகல் அனுப்புங்கள்.

நிலம் பற்றிய பயத்துக்கு: புவிமரபுச் சின்னங்களுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக்காக வெளியிட்டது. அதில் நிலம் கையகப்படுத்தும் அதிகாரமும் இருந்தது, அதிகாரம் முழுக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் கையிலேயே குவிகிறது என்ற விமர்சனமும் எழுந்தது. பட்டா நிலத்தில் ஒரு கட்டை கிடைத்த மாத்திரத்தில் நிலம் போய்விடாது. ஆனால் பயத்தில் இரவோடு இரவாக உடைத்துக் கிராவலோடு ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் இந்தப் பயத்துக்கு இழப்பீட்டு வடிவில் பதில் வைக்காவிட்டால் எந்த வேலியும் உதவாது.

17. தேசிய புவியியல் சின்னம்னு திருவக்கரையைச் சொல்றாங்க. தமிழ்நாட்டுல வேற எங்க இருக்கு?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம், திருவக்கரையைவிட மிகப் பழமையான, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தது. அதே மாவட்டத்தில் காரை, குளக்கல்நத்தம் பகுதியின் அரிப்பு நிலம். சென்னையில் பரங்கிமலையின் சார்னோகைட் என்ற கடினப்பாறை. இது நம் மாநிலப் பட்டியல்.

18. நம்ம ஏரியா யுனெஸ்கோ ஜியோபார்க் ஆக முடியுமா?

இந்தியாவில் இதுவரை ஒன்றுகூட இல்லை. புவியியல் சிறப்புள்ள நிலப்பரப்புக்கு அங்கீகாரம் தரும் இந்தத் திட்டத்தை யுனெஸ்கோ 2015இல் முறைப்படி ஏற்றது. பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள புவியியல் கேட்கிறார்கள், அது 13ஆம் பதிலில் சொன்ன அடுக்குகளையும் கல்மரங்களையும் வைத்து வாதாடக்கூடியதே. தடுமாறப்போவது மற்றவற்றில்: தொடர்ச்சியான ஒரே எல்லை, தனி நிர்வாக அமைப்பு, அதற்கென்று பணம், சின்னங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு, விண்ணப்பிக்கும் முன் குறைந்தது ஓராண்டு ஜியோபார்க்காகவே நடத்திக்காட்டுவது. செஞ்சியும் திருவக்கரையும் விழுப்புரம் மாவட்டம், கரசூர் புதுச்சேரி, கேப்பர் மலை கடலூர். ஒரு மாநிலமும் ஒரு ஒன்றியப் பிரதேசமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

கிடைத்தாலும் நிரந்தரமில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு. குறை இருந்தால் மஞ்சள் அட்டை, இரண்டு ஆண்டில் சரிசெய்யாவிட்டால் சிவப்பு அட்டை, பெயர் பறிபோகும். ஃபாசில் விற்பனையில் நிர்வாகம் ஈடுபடவும் கூடாது. பெயர்ப்பலகைக்கு ஓடுவதைவிட, இருக்கும் பூங்காவில் படிக்கக்கூடிய தமிழ்ப் பலகை, கழிப்பறை, குடிநீர், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி இந்த நான்கையும் முதலில் செய்யலாம்.

19. நெய்வேலி சுரங்கம் ஊரையே தோண்டிப் போட்டிருக்கு. அதையும் மரபுன்னு காட்டுவீங்களா?

காட்டலாம், பெருமையாக மட்டும் காட்டக் கூடாது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. அந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தின் சுவரில் கடலூர் மணற்கல்லின் அடுக்குகள் தெரிவது போல வேறெங்கும் தெரியாது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கும் நீர் சுரங்கத் தரையை மேலே தள்ளாதிருக்க, ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளைப் பற்றிய வழக்கும் வருத்தமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நிலம் கொடுத்தவர்களின் கணக்கும் தீர்ந்தபாடில்லை. அடுக்கைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் வந்தால் அது பாதிப் பாடம். உள்ளே போக நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்.

20. பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க நாற்பது பேர், ஒரே நாள். என்ன செய்ய வைக்கலாம்?

செஞ்சியைச் சேர்க்காதீர்கள், ஏறி இறங்கவே அரை நாள் போகும். காலையில் திருவக்கரை, மதியம் சாப்பாடு, மாலையில் புதுச்சேரிக் கடற்கரை (11ஆம் பதில்) போதும். பத்துப் பேர் வீதம் நான்கு குழு. ஒவ்வொரு குழுவும் பத்துக் கட்டைகளை எடுத்து, நீளம், இரு முனைச் சுற்றளவு, திசை ஆகிய மூன்றையும் எழுதட்டும். தடித்த முனை வேர்ப்பக்கம். திசைக்கு அலைபேசித் திசைகாட்டி போதும், இரும்பு வேலியிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நின்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் முள் தப்பாகக் காட்டும். சிமெண்டு மேடையில் தூக்கிவைத்த கட்டைகளையும் பாதை ஓரம் வரிசைப்படுத்தியவற்றையும் கணக்கில் சேர்க்கக் கூடாது, பாதி புதைந்தவை மட்டும்.

பள்ளிக்குத் திரும்பியதும் நாற்பது திசைகளையும் ஒரு வட்டத்தில் கோடுகளாகப் போடச் சொல்லுங்கள். கோடுகள் ஒரு பக்கமாகக் கூடினால் வெள்ளம் ஓடிய போக்கைப் பற்றி ஏதோ சொல்கின்றன. கட்டைகள் நீரோட்டத்துக்கு இணையாகவும் கிடக்கலாம், குறுக்காகவும் உருளலாம், அதனால் மணற்கல்லின் சாய்வு அடுக்கோடு (3ஆம் பதில்) ஒப்பிட்ட பிறகே திசை சொல்ல வேண்டும். கோடுகள் எல்லாப் பக்கமும் சிதறினால், அளந்தவற்றில் மனிதர் நகர்த்தியவை எத்தனை என்று குழுவாரியாக மறுபடி சரிபார்க்கட்டும்.